சனிக்கிழமைக் கெமிஸ்ட்ரி வகுப்பு

வெள்ளவத்தையில் இன்று எனக்கு மூன்று துணிக்கடைகள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் கடை எங்கே என்று கேட்டால் காலி வீதி பஸ் கொண்டக்டரே இறக்கிவிடுவான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லலாம். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இவ்வளவு இருந்தும், பத்து வயதில் அண்ணாமேல் வந்த எரிச்சல் மட்டும் இன்றுவரை ஒரு முழம்கூடக் குறையவில்லை.

அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் குடியிருந்தோம். அண்ணாவுக்குப் பதினேழு. கூட்டாளிகளோடு சேர்ந்து போதைத்தூள் பாவிக்கப் பழகியிருந்தான். அப்பா முதலில் பெல்ட்டை எடுத்தார். பெரியப்பா, வெளிநாட்டுக்கு அனுப்பிவிடு என்றார். கடைசியில் தெருமுனை டிஸ்பென்சரி டொக்டர்தான் ஒரு துண்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார். களனிப் பக்கம் ஒரு வீடு. இப்படி அகப்பட்ட பிள்ளைகளை இருத்தி வைத்துக் கதைத்தே மீட்டெடுக்கும் ஒரு சிங்கள அம்மா அங்கே இருந்தார். இதெல்லாம் நான் பெரியவனான பிறகு பொறுக்கிச் சேர்த்த விபரம்.

எங்கள் சனத்துக்குப் பிள்ளைக்கு இப்படியொரு வருத்தம் என்று சொல்ல வாய் வராது. ரியூசன் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமைதோறும் அண்ணா களனிக்குக் கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் கிளாசுக்குப் போனான். அம்மா கூட்டிப் போனார். எனக்குச் சொல்லப்பட்டதும் அதே கதைதான்.

அன்றிலிருந்து வீட்டில் நடந்த உபசாரத்தைக் கேட்க வேண்டாம். காலையில் அவனுக்கு முட்டைக்கோப்பி. சேர்ட்டை அம்மாவே அயன் பண்ணுவார். அவன் குளிக்கும்போது கதவைப் பூட்டக்கூடாது என்று சொல்லி, துவாயை மடியில் வைத்தபடி வாசலிலேயே இருப்பார். எனக்கு யார் துவாய் நீட்டினார்கள்? போய்த் திரும்பும்போது அவன் கையில் மீன்பணிஸ் வேறு. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன் நான். அந்த ரிப்போட்டில் அப்பா பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

ஒரு சனிக்கிழமை மேல்மாடி மாமி இடியப்ப உரல் இரவல் கேட்டு வந்தார். வீட்டில் நான் மட்டும்.

"கொண்ணன் எங்கயடா?"

அவனை மாட்டிவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"கிளாசுக்காம் மாமி. கொப்பியும் கொண்டுபோறேல்லை, பேனையும் கொண்டுபோறேல்லை. ரீச்சர் பிளேன்ரீ குடுத்துக் கதைச்சுக்கொண்டே இருக்கிறாவாம். நல்ல கிளாஸ்."

மாமி சிரிப்பார், மாடிக்கு மாடி சொல்லித் திரிவார் என்று காத்திருந்தேன். அவர் நான் எடுத்துக் கொடுத்த உரலைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"இப்ப அவன் சாப்பிடுறானோ?"

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுறான்."

"நித்திரை கொள்ளுறானோ?"

"குறட்டையும் விடுறான்."

"அந்த இடம் எங்க எண்டு தெரியுமோ, குஞ்சு?"

அலுமாரியில் அம்மாவின் சேலைக்கடியில் கிடந்த டொக்டரின் துண்டை எடுத்துக் கொடுத்தேன். மாமி உரலையும் மறந்து, படியேறிப் போனார்.

அம்மா அந்தத் துண்டைத் தேடும்போது, அதை மாமிக்குக் கொடுத்த நான் அகப்பட்டேன். அப்பா அடிக்கவில்லை. "இனிக் கொட்டாஞ்சேனை முழுக்கக் கதைக்கும். களனியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றார். அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை அயன்பெட்டி வெளியே வரவில்லை. முட்டைக்கோப்பியும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் திருவிழா.

ஒன்பது மணிபோல் யாரோ கதவைத் தட்டினார்கள். மாமிதான். பின்னால் அவருடைய மகன், அண்ணாவின் வயது, மெலிந்து போய் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"தங்கச்சி, இவனையும் அந்தக் கெமிஸ்ட்ரிக் கிளாசில சேப்பமோ?" என்றார் மாமி. "எனக்குத் தனியப் போகத் தெரியாது. நீர் வந்தா நானும் வருவன்."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய், அண்ணாவின் சேர்ட்டைத் தன் கையாலேயே அயன் பண்ணத் தொடங்கினார்.

படியில் இறங்கும்போது அம்மாவும் மாமியும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மேல்மாடிப் பிள்ளைக்கும் இடம் கிடைத்த சந்தோசம் என்று நினைத்தேன். இந்த மாடி முழுவதிலும் அந்தக் கிளாசுக்கு உதவாத மொக்கன் நான் ஒருவன்தான் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. (அண்ணா தேறி, இன்று கனடாவில் லொறி ஓட்டுகிறான். மாமியின் மகன் இரண்டு தரம் விழுந்துதான் எழும்பினான்.)

பின்னேரம் அவர்கள் திரும்பி வந்ததும், என்னையும் அந்தக் கிளாசில் சேர்த்துவிடும்படி காலை உதைத்து அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினார். முகம்கூடக் கழுவாமல் என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய், என் தலையை மூன்று முறை சுற்றித் தேங்காய் உடைத்தார். எனக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறாராக்கும் என்று, பக்கத்தில் நின்று நானும் கண்ணை இறுக மூடிக் கும்பிட்டேன்.