துரை ஊர்ச் சிரிப்புப் படம்

கல்யாணமாகி வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபின் நான் மலையை விட்டு இறங்கியதேயில்லை. கங்காணிக்குப் பயந்து லீவு கேட்டதுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துத் துரை தன் ஊர்ச் சிரிப்புப் படமொன்றை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்கார வேலையாள் வீட்டுக்குக் கிளம்பத் தொப்பியை எடுக்கும்போதெல்லாம் எஜமான் மணியடிப்பார். அவன் திரும்பி ஓடுவான். கொழுந்தெடுக்கும் பெண்கள் நாங்கள் கண்ணீர் வரச் சிரித்தோம்.

“துரை ஊர்லயே இதுக்கு யாரும் சிரிக்கலையாம். நீங்க ஏன் இப்படிச் சிரிக்கிய?” என்று கிளார்க் கேட்டார்.

“அவன் நம்மாளுல்லா, அய்யா” என்றாள் பக்கத்து வீட்டு மூக்கம்மாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் என் நிலை எனக்கு உறைத்தது.

மறுநாள் கங்காணியிடம், “அம்மாவப் பாக்க ஊருக்குப் போணும், அய்யா” என்றேன். அவர் விடவில்லை. அன்றிலிருந்து கேட்பதை நானும் விடவில்லை.