நார் இல்லாத பூ

கேப்டன் பானுமதி இறந்துவிட்டதாக அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். தெரிந்தவர்களுக்கு நான் சொன்னபோது எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "ஹெலிகாப்டர் எங்க விழுந்துச்சு?"

எங்கும் விழவில்லை. ஸ்ரீரங்கத்தில், தன் வீட்டில், தூக்கத்தில். மாரடைப்பு.

அவரை அறியாதவர்களுக்காக: மன்னார்புரத்தில் வளர்ந்தவர். விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். குறுகியகாலப் பணி முடிந்ததும் ஊர் திரும்பி, திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே முன்பதிவும் தரை வேலையும் என்னுடையவை. நிறுவனத்தில் இருந்தது ஒரே ஹெலிகாப்டர். அதுவும் விமானப்படை கழித்துக்கட்டி ஏலத்தில் விட்டது. வெள்ளைப் பூச்சு பெயர்ந்த இடங்களில் பழைய பச்சை தெரியும்.

"நீங்க ஓட்டின அதே மிஷினா, மேடம்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"அதே ரகம். அது இல்லை." சற்று நேரம் அதைப் பார்த்தார். "ரெண்டு பேருமே ரிடையர்டு. ரெண்டு பேருக்கும் பென்ஷன் கிடையாது. ஒத்துப்போயிடும்."

ஒத்துப்போனது. படையில் இருந்தபோது மலைகளில் என்ன ஏற்றிச் சென்றார் என்பதை ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். "மேல போறப்ப அரிசி, மண்ணெண்ணெய். கீழ வரப்ப ஆளுங்க." எப்படிப்பட்ட ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே ஏறியவர்கள் மணமக்கள், வேட்பாளர்கள். பிறகு, குடமுழுக்குகளுக்குப் பூ.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்முன் நான் ஹெலிகாப்டரை ஒரு சுற்று சுற்றிவந்து சொல்ல வேண்டும்: "பின்னால ஆள் இல்லை. கயிறு இல்லை. கிளம்பலாம், கேப்டன்." அதைக் கேட்காமல் அவர் விசிறியைச் சுழலவிட்டதில்லை.

ஜீயபுரம் பக்கம் ஒரு கோயில். அதுதான் எங்கள் கடைசி வேலை என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை. வருமானம் இல்லை, இந்த வேலையில் நல்ல பெயர் வந்தால் ஹெலிகாப்டர் இருக்கும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கேப்டனிடமும் சொல்லியிருந்தார்.

பள்ளி மைதானத்தில் இறங்கினோம். கோயில் கமிட்டிச் செயலாளர் ராமலிங்கம் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு டிராக்டர். அதில் கூடைகள் இல்லை. சுருட்டி வைத்த ஒரே மாலை, ரோஜாவும் சம்பங்கியுமாக, டிராக்டர் பெட்டி முழுவதும்.

"மேலேர்ந்து அப்படியே கோபுரத்துக்குப் போட்டுடுங்க, கேப்டன். ஸ்ரீரங்கத்துல சொல்லிவச்சுக் கட்டினது."

கேப்டன் ஒரு முனையை எடுத்து இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தார். ஈர வாழைநார்.

"நல்ல மாலைங்க. அறுக்கவே முடியலை. அதான் பயம்."

"என்ன பயம்?"

"ஒரு நார் பறந்துபோய் வால் விசிறில சுத்துச்சுன்னா மாலையோட நாங்களும் கோபுரத்துல விழுவோம்."

"மிலிட்டரில குண்டே போட்டிருப்பீங்க. பூப்போட இவ்வளவு யோசனையா?"

"குண்டுல நார் இல்லைங்க."

முதலாளி அழைத்தார். போனைக் கேப்டனிடம் கொடுத்தேன். "உதிரிப் பூன்னா போடுறேன் சார். மாலைன்னா நான் ஏறலை," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து மாலையைப் பிரிக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன்.

ராமலிங்கம் நின்றுகொண்டே கத்தினார். "ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது. என் மானம் போகுதுங்க!"

"உக்காருங்க. நீங்களும் சேந்தா சீக்கிரம் முடியும்."

வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோயில் பக்கம் மேளம் உச்சத்துக்குப் போனபோது பாதி மாலை மிச்சமிருந்தது. கலசத்தில் நீர் ஊற்றிவிட்டார்கள். வானத்தில் எதுவும் இல்லை. ராமலிங்கம் தலையைத் தூக்கவில்லை. பூவைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் மேலே போனபோது கூட்டம் அன்னதானப் பந்திக்கு நகர்ந்திருந்தது. உயரத்திலிருந்து கொட்டினோம். திரும்பி இறங்கியதும் என் போன் அடித்தது. ராமலிங்கம். "சாம்பார்லல்லாம் ரோஜாப்பூங்க! கேப்டன்கிட்ட சொல்லுங்க!" கோபமா சிரிப்பா என்று குரலில் தெரியவில்லை.

முதலாளி சொன்னதைச் செய்தார். விசிறிகளைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று கேப்டன் வந்திருந்தார். "வாலைப் பாத்துக் கட்டுங்க," என்று லாரிக்காரரிடம் சொன்னார். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"விழுந்து போகலை. தானா இறங்கித்தான் போகுது," என்றார். அதற்குப் பின் அவர் எதையும் ஓட்டவில்லை.

அவர் இறந்த அன்று ஸ்ரீரங்கம் வீட்டுக் கூடத்தில் மாலைகள் குவிந்திருந்தன. சற்றுத் தாமதமாக ராமலிங்கம் வந்தார், கையில் ஒரு துணிப்பையோடு. கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பைக்குள் கையை விட்டு நெடுநேரம் துழாவினார். பிறகு எழுந்துபோய் அதிலிருந்ததைக் கேப்டனின் காலடியில் கொட்டினார். உதிரி ரோஜா.

"பாத்துட்டேங்க, கேப்டன். நார் இல்லை."

கேப்டனை வண்டியில் ஏற்றினார்கள். யாரும் கேட்காமலே நான் அதை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

பின்னால் ஆள் இல்லை. கயிறு இல்லை. கிளம்பலாம், கேப்டன்.