ஸ்க்ரூடிரைவரின் இடம்

கம்ப்யூட்டர் கீபோர்டுகளைப் பிரித்துக் கோப்பது மகளின் பைத்தியம். அவளுடைய கருவிகளைப் பலகையில் மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி மார்க்கரால் கோடு வரைந்தேன். அந்த மை வாசனையில், நான் வளர்ந்த திருவெறும்பூர் குவார்ட்டர்ஸ் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

தான் வேலை பார்த்த ஃபேக்டரியில் ஸ்பேனர்களுக்குச் செய்வதுபோலவே, அப்பா சமையலறைச் சுவரில் கரண்டி, கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் பெயிண்டில் உருவம் வரைந்திருந்தார். ஒன்று குறைந்தாலும் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். அப்படியொரு ஒழுங்கு. வீட்டு ஃபேனையே பிரித்துப் பார்க்கும் அக்கா, கல்யாணமாகிப் போகையில் ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மா புதிதாக ஒன்று வாங்கி அங்கே மாட்டப் போனாள்.

"அதைப் பக்கத்துல மாட்டு. இது அவ இடம்" என்றார் அப்பா. வெள்ளையடித்தபோதும் அந்த உருவத்தை அழிக்கவிடவில்லை.

"அப்பா, ஹாஸ்டலுக்கு இதை எடுத்துட்டுப் போகவா?" கீபோர்டின் பொத்தான்களைக் கழற்றும் இடுக்கியைக் காட்டினாள் மகள்.

"எடுத்துக்கோம்மா."

அது இருந்த இடத்தின் கோட்டை இன்னும் அழுத்தமாக வரைந்தேன்.