உரையாடல் பற்றிய என் உரை

உயர்கல்வியில் உரையாடலின் அவசியம் பற்றி, ஒருவரையும் வாய் திறக்க விடாமல் இரண்டு மணி நேரம் பேசியவன் நான். மலையகத்து அட்டனில் வார இறுதிப் பட்டப்படிப்பு வகுப்பு. பேசி முடித்துக் கதவை இழுத்தேன். மழையில் ஊறிய மரக்கதவு அசையவில்லை. ஜன்னலெல்லாம் கம்பி. காவலாளி போனை எடுக்கவில்லை.

லிந்துலைக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. அதைத் தவறவிட்டால் மாணவி செல்வியை இனி வகுப்புக்கே அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவள் இரண்டு முறை கையைத் தூக்கினாள்.

"கேள்வியெல்லாம் கடைசியில" என்று சொல்லிவிட்டு, பதற்றத்தை மறைக்க மீண்டும் உரையாற்றத் தொடங்கினேன்.

ஐந்து இருபதுக்குக் குறிப்புகள் தீர்ந்துபோயின. வேறு வழியில்லாமல் அன்றைய முதல் கேள்வியைக் கேட்டேன்.

"இப்ப என்ன செய்யலாம்?"

செல்வி எழுந்து வந்தாள். கைப்பிடியை மேலே தூக்கி இழுத்தாள். கதவு திறந்துகொண்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுலகூட பேர் கூப்பிட்டா பதில் சொல்ல விடுவாங்க, சார்" என்றபடி பஸ்ஸுக்கு ஓடினாள். நல்லவேளை, பிடித்துவிட்டாள்.

என்னை அடைத்து வைத்தது அந்தக் கதவு மட்டுமில்லை என்று அன்றுதான் உறைத்தது. அடுத்த வாரம் நுழைந்ததுமே, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

பின்வரிசையில் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "கதவு திறந்துதான் இருக்கு, சார்."