ஒன்பதுக்கு முன்னால் நூற்று நான்கு

இரண்டு டீக் கோப்பைகளையும் இரு கைகளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எது முன்னாடி?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அதிகமாக இருப்பதை என்னிடம் நீட்டுகிறார். இரண்டும் சமமாக இருந்துவிட்டால், "வித்தியாசம் பூஜ்யம். வந்த வரிசையிலயே இருக்கட்டும்" என்று அப்படியே வைத்துவிடுவார். அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர்.

இணையப் பக்கம் எழுதுவது எங்கள் பிழைப்பு. பட்டியலை அடுக்கும் வேலை வந்தால் தராசுக்குக் கொண்டாட்டம். "நூறு பேரையும் பாத்தா தலை சுத்தும்யா. ரெண்டு பேரை மட்டும் பாரு. இவரு முன்னாடியா, அவரு முன்னாடியா? அதை நீ எழுது, மீதியைக் கம்ப்யூட்டர் பாத்துக்கும்." இதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி முடி கொட்டியது. மீதி அவருடைய செருப்புச் சத்தத்தால். சரக் சரக்கென்று தரையில் இழுத்துத்தான் நடப்பார். ஏனய்யா என்றால் சிரிப்பார்.

கண் மருத்துவமனை ஒன்றுக்கு, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நூற்றிருபது பேரின் பட்டியலைச் செய்தவர் அவர்தான். பதிவு எண் வரிசைப்படி மேலிருந்து கூப்பிடுவார்கள். நூற்று நான்காம் எண் அவருடைய அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். இப்போது எதிரில் நிற்பவரின் முகம் தெரிவதில்லை. திங்கட்கிழமை பட்டியல் வெளியானபோது அக்கா ஏழாவதாக இருந்தார். எப்படி என்று மனிதர் யோசிக்கவே இல்லை. "துணிமணியெல்லாம் பையில எடுத்து வச்சாச்சுய்யா!" என்று குழந்தைபோல் குதித்தார்.

புதன்கிழமை ஒரு தையல்காரரின் அழைப்பை மருத்துவமனை எங்களிடம் திருப்பிவிட்டது. "தம்பி, ஒம்பதாவதா பதிஞ்சவன் நான். எனக்குப் பின்னாடி பத்தே பேருதான் இருக்காங்க. ஊசி கோக்க முடியலப்பா."

தராசு பட்டியலுக்குத் தான் எழுதிய நிரல் வரியைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஒப்பிடும் விதியை எழுதாமல் வெறுமனே ‘அடுக்கு’ என்று விட்டிருந்தார். அப்படி விட்டால் கம்ப்யூட்டர் எண்ணையும் எழுத்தாக எண்ணி அகராதிபோல் அடுக்கும். ஒன்றில் தொடங்கும் 104, 9க்கு முன்னால் போய் நிற்கும். ஊருக்குத்தான் உபதேசம்!

"அக்காவுக்கு ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் திருத்து. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவருடைய கைகள் இரண்டும் மேலே எழுந்தன. ஒன்றில் தையல்காரர், ஒன்றில் அக்கா. வெகுநேரம் இறங்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"ஆளைப் பாத்தா கை சாஞ்சிடும்யா. நம்பரைத்தான் பாக்கணும்."

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பார்த்து, சிறியதை முன்னால் வைக்கும் ஒற்றை வரியைச் சேர்த்தார். ஒன்பது மேலே ஏறியது. அக்கா நூற்று நான்காவது இடத்துக்கு இறங்கினார்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, நீ ஏழாவது இல்ல. தப்பு என்னோடது. ஊசி கோக்க முடியாத ஒரு தையல்காரரு உனக்கு முன்னாடி பதிஞ்சிருக்காரு. இன்னும் மாசக்கணக்கா ஆகும்."

"அதுக்கா அழறே, அசடு! அந்தத் தையல்காரரு மொதல்ல ஊசி கோக்கட்டும். உன் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும்டா, நீதான்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

அன்று மாலை நானும் கூடப் போனேன். அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தராசு படியில் ஒரு கணம் நின்றார். பிறகு, வழக்கத்தைவிட அழுத்தமாக, செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.