முறைக்காரருக்கு ஒரு வேட்டி

என் மனைவியின் அத்தை மகன் பாய்மரப் படகு ஓட்டுகிறவர். மீன் பிடிக்க அல்ல, பந்தயத்துக்கு. உடும்பஞ்சோலையில் ஏலச்செடிகளுக்கு நடுவே பிறந்து, மீசை முளைக்கும்வரை கடலையே பார்க்காத மனிதருக்கு இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டால், துபாயில் என்பார். ஏலக்காய் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவர், சில வருடங்களில் சொந்தமாக வியாபாரம் தொடங்கினார். இன்று துபாயில் ஆபீஸ், நெதர்லாந்தில் கிடங்கு. வருடத்தில் பாதி விமானத்தில், மிச்சப் பாதி படகில். "நம்ம மலைக்காத்துல வளந்தவனுக்கு எந்தக் காத்தும் பழகிரும்" என்று கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். நாங்களும் அதே காற்றில்தான் வளர்ந்தோம். எங்களுக்கு அது கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனதுதான் மிச்சம்.

பொறாமை என்றால் பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? ஆனைக்கரையில் எனக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் அதில் நின்றுவிட்டு வந்தால், "என்ன, இப்படிக் கறுத்துப் போயிட்டீக" என்பார்கள். அவர் கடல் வெயிலில் கருகி வந்தால், "உடம்பை எப்படி வச்சிருக்காக பாருங்க" என்பார்கள். குவாத்தமாலாவில் விளையும் ஏலக்காயையும் அவர் அரபு நாடுகளுக்கு விற்கிறார். அந்தக் காய் நிறைய வந்தால் எங்கள் காய்க்கு விலை விழும். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இதை நான் எடுத்துச் சொன்னால், கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அவர் கடைசியாக வாங்கிய கோப்பையின் படத்தைப் போனில் காட்டுகிறார்கள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். என்னால் தாங்க முடியாமல் போனது ஒரு வேட்டி.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு புறப்படும் முன், அவளைக் கட்டும் முறையுள்ள அத்தை மகனுக்கு மாப்பிள்ளை தன் கையால் வேட்டி துண்டு கொடுக்க வேண்டும். அவன் வாங்கிக்கொண்டால் உரிமையை விட்டுக்கொடுத்தான் என்று அர்த்தம். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் இதை மட்டும் நாங்கள் விடவில்லை. என் கல்யாணத்தன்று போதகர் ஆசீர்வாதம் சொல்லி, சாப்பாடும் முடிந்து, வண்டி புறப்படத் தயாராக இருந்தபோது நான் தட்டில் வேட்டியோடு நின்றேன். வாங்க ஆள் இல்லை. அவர் எந்த நாட்டுக் கடலிலோ பந்தயத்தில் இருந்தார். அவர் சார்பில் வாங்க ஒரு தம்பியாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. வேட்டி திரும்ப என் வீட்டுக்கே வந்தது.

இருபது வருடம் ஆகப்போகிறது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "வேட்டி குடுக்காமக் கூட்டிட்டு வந்த பொண்ணு, இன்னும் அவுகளுக்குத்தான் உரிமை" என்று ஒவ்வொரு விருந்திலும் ஒருவர் தொடங்குவார். எல்லாரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் அவள் இன்னும் கொஞ்சம் சிரிப்பாள். அந்த மனிதர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஊர் என் மனைவியைப் பார்த்துத்தான் கண்ணடித்தது. என்னை "ஏங்க" என்று கூப்பிடுகிறவள் அவரை "அத்தான்" என்கிறாள். முறைதான், தப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இளசாகிவிடும். எனக்கு மட்டும்தான் அது கேட்கும் போலிருக்கிறது.

இப்போது பந்தயத்தைப் போனிலேயே பார்க்க வசதி வந்துவிட்டது. நீலக் கடலில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. அவருடையது சிவப்பு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏறினால்தான் சிக்னல் ஒழுங்காக வரும். பந்தய நாளில் அவள் போனோடு அங்கே போய் நின்றுகொள்வாள். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் பச்சைக்காய் உலர்ந்துகொண்டிருக்கும், சூடு கூடினால் நிறம் போய்விடும், பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டும். நான் கூப்பிடுவேன். "வாரேன், ஒரு நிமிஷம்" என்பாள். அந்த நிமிஷம் முடியவே முடியாது. ஒரு புள்ளியைப் பார்த்து வயிறு எரிந்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன வருடம் கொச்சியில் ஒரு பந்தயத்துக்கு வந்தவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் மறுப்பேன் என்று அவள் நினைத்திருப்பாள். உடனே சரி என்றேன். கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி பெட்டிக்குள் கிடந்து மஞ்சளடித்துவிட்டது. கட்டப்பனையில் புதிதாகச் சரிகை வேட்டியும் துண்டும் வாங்கிப் பைக்கு அடியில் வைத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. இந்தக் கேலியை அன்றோடு முடித்துவிட வேண்டும், அவள் முழுசாக என் மனைவியாகிவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

படகுத் துறையில் அவர் அரைக்கால் சட்டையோடு எதிரே வந்தார். என்னைவிட மூத்தவர். பக்கத்தில் நின்றால் நான்தான் அவருக்குச் சித்தப்பா மாதிரி இருந்தேன். முறைப்படி அவர் எனக்கு அண்ணன். என் மனைவியைக் கட்டியிருக்கக் கூடியவன் எனக்கு அண்ணன் தம்பிதான் ஆக வேண்டும், நம் உறவுமுறைக்கு இரக்கமே கிடையாது.

"தம்பி, படகு சாயும்போது மறுபக்கம் உக்காந்து எடை குடுக்க ஒரு ஆள் குறையுது. வாரீகளா? நீங்க உக்காந்தா படகு கிண்ணுன்னு நிக்கும்" என்றார்.

அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்புதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முதுகு வலி என்று சொல்லிக் கரையிலேயே நின்றுகொண்டேன்.

பந்தயம் முடிந்து அவர் தன் ஆட்களோடு கரையேறியதும் பையைத் திறந்தேன். வேட்டியை இரண்டு கையிலும் ஏந்தி, "அண்ணே, கல்யாணத்தன்னைக்கு நீங்க இல்ல. இது உங்களுக்குச் சேர வேண்டியது" என்றேன். கூட இருந்த வெள்ளைக்காரர்கள் என்னவென்றே தெரியாமல் கைதட்டினார்கள். அவருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "அட, இதை இன்னுமா நெனச்சிட்டிருக்கீக?" என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தோளில் போட்டபடி படகைக் கழுவப் போய்விட்டார். எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

தொடுபுழா தாண்டிக் கார் மலை ஏறத் தொடங்கியதும் கேட்டாள்.

"எதுக்கு அவுகளுக்கு வேட்டி குடுத்தீக?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"உரிமை கேட்டவுகளுக்குத்தான் அந்த முறை. அவுக என்னை ஒருநாளும் கேக்கல. கேக்காத ஆளுக்குப் போயி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, அத்தனை பேர் முன்னால நீட்டுதீக."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதை மறைக்கவும் முடியவில்லை. "அப்போ அவுக கேக்கவே இல்லியா?" என்றேன்.

"இல்ல. நாந்தான் கேட்டேன்."

வளைவில் ஒரு லாரி இறங்கி வந்தது. ஒதுங்கி வழி விட்டேன். லாரி போகும்வரை காத்திருந்து அவளே தொடர்ந்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் போட்டேன். அத்தான், நீங்க இப்பச் சரின்னு சொன்னாக்கூட நான் அப்பாகிட்டப் பேசுதேன்னு சொன்னேன். 'ரேஸ் இருக்கு புள்ள, முடிச்சிட்டு வந்து பேசுவோம்'னாக."

காய் விலை சொல்வது போலத்தான் சொன்னாள், அழவில்லை. என் சந்தேகம் வீண் என்று இத்தனை வருடம் எல்லாரும் சொன்னார்கள், சில சமயம் நானே நம்பியும் இருக்கிறேன். வீண் இல்லை என்று தெரிந்ததில் முதலில் ஒரு நிம்மதிகூட வந்தது, சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் வருமே, அப்படி. அடுத்த வளைவுக்குள் அது போய்விட்டது. அவர் ஒரு பந்தயத்துக்காக வேண்டாம் என்று விட்டதைத்தான் நான் இருபது வருடமாகக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்திருக்கிறேன். உனக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கப் பயமாக இருந்ததால் வேறொன்றைக் கேட்டேன்.

"அந்த ரேஸ்ல ஜெயிச்சாகளா?"

"நாலாவதா வந்தாக" என்றாள். யோசிக்கவே இல்லை.