சொம்புச் சடாரி

என் மகளுக்கு முதல் ஃபிட்ஸ் வந்தது ஷேர் ஆட்டோவில். மேடவாக்கத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். கேம்ப் ரோடு தாண்டியதும் என் மடியில் சாய்ந்திருந்த எட்டு வயது உடம்பு கட்டையாக விறைத்தது, பிறகு உதற ஆரம்பித்தது. கண் மேலே செருகிக்கொண்டது. ஆட்டோக்காரர் வண்டியை ஓரம்கட்டி, சாவியை உருவி அவள் கையில் திணித்தார். "இரும்ப கைல வச்சா நின்னுடும்க்கா. பேஜாராவாத." நானும் அவள் விரல்களோடு சேர்த்து அந்தச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எம்.காம். படித்தவள்தான். அந்த நேரத்தில் நடுரோட்டில் உருளச் சொல்லியிருந்தாலும் உருண்டிருப்பேன்.

சாவியால் நிற்கவில்லை, தானாக நின்றது. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு இதுவும் சேர்ந்து வருவதுண்டு என்று டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். காலையும் இரவும் ஒரு சிரப், அவ்வளவுதான் என்றார். "ஒரு வேளைகூட விடக் கூடாதும்மா. விட்டா திரும்ப வரும். வர்றது இதைவிடப் பெரிசா இருக்கலாம்." தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு சிரப்தானே என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை. அவர் என் மகளை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறார்.

தோசை ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிறவள் அவள். பேச்சு என்று பார்த்தால் நாலைந்து வார்த்தை, அதுவும் அவளுக்குத் தேவைப்பட்டால்தான். மருந்து பாட்டிலின் மூடி திருகும் சத்தம் கேட்டதும் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் போய்ச் சொருகிக்கொள்வாள். அதில் கம்பெனிக்காரன் ஸ்ட்ராபெரி வாசனை வேறு சேர்த்திருந்தான். எந்தப் பிள்ளையைக் கேட்டுச் சேர்த்தானோ. தயிர்சாதத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாய் வாங்கினாள், என்னைப் பார்த்தாள், துப்பினாள். அன்றோடு தயிர்சாதத்தை விட்டாள். அடுத்த வாரம் பால், அதற்கடுத்து இட்லி, வெள்ளையாக இருந்த எதையும் தொடவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. மருந்துக்கு வழி தேடப் போய்ச் சோற்றுக்கே வழியில்லாமல் போயிற்று.

கடைசியில் ஊர் உலகம் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். என் வீட்டுக்காரர் காலைப் பிடிப்பார், நான் மூக்கைப் பிடித்து ஊற்றுவேன். எட்டு வயது உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது. என் நைட்டியில் பாதி, சுவரில் கொஞ்சம், மீதி அவள் வயிற்றில் என்று நாங்களே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டோம். கணக்கு தப்பு என்று ஒருநாள் காலை பாத்ரூமில் தெரிந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். குழாயில் இடித்து நெற்றி கிழிந்து ரத்தம். அவளைத் தூக்கக்கூடத் தெரியாமல் வாசற்படியில் நான் சிலையாக நின்றேன். டாக்டர் சொன்னது சொன்னபடியே வந்துவிட்டது. அடுத்ததும் வரும் என்று அப்போதே புரிந்தது.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. தையல் பிரித்த பிறகு தலை வாரிவிடலாம் என்று சீப்போடு கையை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்றவள் கை நீண்டால் வாயைப் பொத்த வேண்டும் என்று என் பிள்ளை படித்து வைத்திருக்கிறாள். அன்று நான் சமைக்கவில்லை.

எங்கள் காலனி முனையில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் உண்டு. கூட்டம் இருக்காது, மணிச் சத்தமும் அதிகம் இல்லை, அதனால் சனிக்கிழமைகளில் அவளை அழைத்துப் போவேன். அந்தச் சனிக்கிழமை பட்டாச்சாரியார் தீர்த்தத்தோடு வந்தார். பச்சைக் கற்பூரமும் கிராம்பும் துளசியும் போட்ட தீர்த்தம், இரண்டடி தள்ளி நின்றாலே மூக்கைத் துளைக்கும். என் மகள் உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். மூன்று முறை ஊற்றினார், மூன்று முறையும் சத்தமில்லாமல் உறிஞ்சினாள். ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு சடாரிக்குக் குனிந்தாள். கிரீடம் மாதிரி கனமான அந்த வெள்ளிச் சடாரி தலையில் அழுந்தியதும் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நகரப் போனபோது வேட்டியைப் பிடித்து, "இன்னொண்ணு" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது வாராவாரம் என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததுதான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மறுநாள் டாக்டருக்குப் போன் போட்டு, சிரப்பைத் தீர்த்தம் மாதிரி அவள் உள்ளங்கையில் ஊற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். முதலில் சரியாக அளந்து எடுத்துக்கொள்ளுங்கள், கையில் மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார். பூஜை அலமாரியிலிருந்து பஞ்சபாத்திரத்தையும் உத்தரணிக் கரண்டியையும் எடுத்துத் தேய்த்தேன். சடாரிக்கு எங்கே போவது? சமையலறையில் இருந்த கனத்த எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்தேன். மருந்து என்ற வார்த்தையை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு போட்டேன். "தீர்த்தம்" என்றுதான் கூப்பிட்டேன். பீரோ பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வந்து கையை நீட்டினாள். அளந்து வைத்திருந்த சிரப்பை உத்தரணியால் மூன்று முறை ஊற்றினேன், மூன்று முறையும் உறிஞ்சினாள். கடைசிச் சொட்டையும் நக்கிவிட்டுக் கையைத் தலையில் துடைத்தாள். சொம்பை வைத்து அழுத்தினேன். "இன்னொண்ணு" என்றாள்.

என் வீட்டுக்காரர் கதவு மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பால்கனிக்குப் போய்விட்டார்.

பம்மலிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தபோது இந்தக் கூத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனார். பெருமாள் சமாச்சாரத்தில் விளையாட்டா, சாமி கண்ணைக் குத்தும் என்றார். "குத்தட்டும் அண்ணி, ஃபிட்ஸ் நின்னா எனக்குப் போதும்," என்றேன். சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். போகிற போக்கில் சொம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஃபிட்ஸ் வரவில்லை. மாதங்கள் போயின, வரவே இல்லை. சர்க்கரைப் பாகு போலிருந்த சிரப்பை நாள் தவறாமல் தலையில் தடவிக்கொண்டதில் தலையணையில் எறும்பு வந்தது, தினமும் தலைக்கு ஊற்ற வேண்டியிருந்தது, சீப்பு பாதியில் சிக்கிக்கொண்டது. சீப்போடு போனால் இப்போது அவள் வாயைப் பொத்தவில்லை, அது போதும் எனக்கு. ஸ்பெஷல் ஸ்கூல் வாசலில் மற்ற அம்மாக்களிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். மருந்து குடிக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது, அப்படி ஏமாற்றி வைத்திருக்கிறேன் என்று.

போன கோடையில் ஒருநாள் காலை. தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அடுப்பில் குக்கர், எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. எனக்குப் பிரஷர் இருப்பதாகப் புதிதாகக் கண்டுபிடித்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவசரத்தில் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டேன். தண்ணீர் எடுப்பதற்குள் நாக்கில் ஒட்டிக்கொண்டு கரைந்தது. கசப்பு தாங்காமல் முகத்தைக் கோணிக்கொண்டு சிங்கைப் பிடித்துக் குனிந்து நின்றேன்.

தலையில் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது.

திரும்ப முயன்றேன், என் மகள் விடவில்லை. முக்காலி மேல் ஏறி நின்று, சொம்பைக் கவிழ்த்து, நான் அவளுக்கு அழுத்துகிற அதே அளவு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மருந்து," என்றாள்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி எத்தனையோ மாதம் ஆயிற்று. கீழே லாரிக்காரன் கத்துகிறான், குக்கர் விசில் அடிக்கிறது, நான் அசையவில்லை. மாத்திரையைப் பார்த்து மருந்து என்று தெரிந்துகொள்கிறவளுக்கு, உத்தரணியில் ஊற்றியதால் அந்த ஸ்ட்ராபெரி சிரப் தீர்த்தமாகிவிடுமா? முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தினமும் கையை நீட்டியிருக்கிறாள். மருந்தை அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள், மூக்கைப் பிடிப்பதைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏமாந்தது வீட்டில் நான் ஒருத்திதான்.

சொம்பை எடுத்துவிட்டு என் முகத்தை எட்டிப் பார்த்தாள். நாக்கில் கசப்பு அப்படியே இருந்தது. தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து, "இன்னொண்ணு," என்றேன்.